மயிலையின் பச்சை விளக்கு

கோகிலவாணி வீட்டுச் செவலையை அரசாங்க வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போன அன்று, வாய்க்கால்மேடே வாயில் ஈ போவது தெரியாமல் நின்றது. மாட்டைத் தார்க்குச்சியால் குத்துகிறவன் அந்த ஊரில் இருந்தான். தண்ணீர் காட்ட மறந்துவிட்டுச் சீட்டாடப் போகிறவனும் இருந்தான். அவர்கள் மாடெல்லாம் ஆடாமல் அசையாமல் தொழுவத்தில் நிற்க, பெற்ற மகளே "நான் உங்க வீட்டுல மாடாப் பொறந்திருக்கலாம்மா" என்று சொல்லிக் கல்யாணமாகிப் போன வீட்டு மாட்டைத்தான் 'கொடுமைக்கு உள்ளான கால்நடை' என்று எழுதி ஏற்றினார்கள்.

எல்லாம் நாடிப்பட்டை செய்த வேலை. இப்போதெல்லாம் கன்று பிறந்து சீம்பால் குடித்து முடிப்பதற்குள் அது கழுத்தில் ஏறிவிடுகிறது. மாட்டின் நாடி, மூச்சு, கத்துகிற குரல், வேர்வை எல்லாவற்றையும் பார்த்து, மாடு நிம்மதியாக இருந்தால் பச்சை விளக்கு, சுணங்கினால் மஞ்சள், துன்பப்பட்டால் சிவப்பு. சிவப்பு தொடர்ந்து எரிந்தால் கேள்வி கிடையாது, நேரே வண்டிதான். முதலில் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் நீங்கள் மேல்முறையீட்டு மன்றத்தில் போய் முட்டிக்கொள்ளலாம்.

கோகிலவாணியிடம் இருந்தது இரண்டே மாடு. மயிலை வயதான பசு, சாம்பல் நிறம், கோயில் தேர் மாதிரி நிதானம். செவலை இளசு. வாலைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடுவதுதான் அதற்குப் பிழைப்பு. பட்டை கட்டிய முதல் வாரமே தண்ணீர்த் தொட்டியில் இடித்துப் பட்டையின் மூலையை உடைத்து வைத்தது. "அரசாங்கப் பொருளைச் சேதப்படுத்தக் கூடாதும்மா" என்று பட்டை கட்ட வந்த அலுவலர் கண்டித்தபோது, "அதை மாட்டுகிட்டச் சொல்லுங்க" என்று கோகிலவாணி பதில் சொல்லி அனுப்பினாள். வாயில் அவளை ஜெயித்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் செவலை போன நாளிலிருந்து வாய்பேசாமல் இருந்தாள். அவள் புருஷன் யுவராஜுக்கு அதுதான் பயமாகிவிட்டது. டவுனுக்குப் போய் மிதுன் என்ற வக்கீலைப் பிடித்து வந்தார். சின்ன வயது, பெரிய மூக்குக்கண்ணாடி. தொழுவத்தில் சாணி மிதிக்காமல் நடக்கத் தெரியாவிட்டாலும் ஆளுக்குச் சட்டம் தெரிந்தது.

"அக்கா, மேல்முறையீட்டுல தோத்தா என்ன ஆகும்னு முதல்லயே சொல்லிடறேன்," என்றான் மிதுன். "செவலை திரும்பாது. அதோட போகாது. இந்த வீட்டுல இனிமே மாடே வளக்கக் கூடாதுன்னு தடை போடுவாங்க. அப்ப மயிலையும் போயிரும்."

கோகிலவாணி மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அசை போடாமல் சும்மா நின்றது.

"ஏன் தம்பி, அந்தப் பட்டை பொய்யே சொல்லாதா?"

"சொல்லாதுக்கா. ஒவ்வொரு பட்டையும் மொத ஒரு மாசம் தன்னோட மாட்டைப் படிக்கும். இது எப்படி நிக்கும், எவ்வளவு வேகமா மூச்சு விடும், எதுக்குக் கத்தும்னு பழகிக்கும். அந்த இயல்பை விட்டு ரொம்ப விலகினாத்தான் சிவப்பு. செவலை பொங்கலுக்கு அப்புறம் இருந்து விலகிக்கிட்டே இருந்திருக்கு."

"அது எப்பவும் போலத்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க, பட்டை சொன்னாத்தான் நம்புவாங்க." மிதுன் மயிலையின் கழுத்தைக் காட்டினான். மஞ்சளும் குங்குமமும் அப்பிய பட்டையில் பச்சை விளக்கு பொட்டாக எரிந்தது. "ஆனா நமக்கும் ஒரு பட்டை இருக்கு. ஒரே தொழுவம், ஒரே தீவனம், ஒரே கை. ஒரு மாடு மூணு மாசமாப் பச்சையிலயே இருக்கு, மஞ்சள்கூட எரியல. அப்புறம் எங்க இருந்து கொடுமை வந்துச்சு? நான் கேக்கப்போறது இந்த ஒரே கேள்விதான். மயிலையையும் மன்றத்துக்கு ஓட்டிட்டு வாங்க. அந்தப் பட்டையை மட்டும் நல்லாத் துடைச்சுருங்க, நீதிபதிக்கு விளக்கு பளிச்சுன்னு தெரியணும்."

செவலை போனதிலிருந்து முதல்முறையாக அன்றைக்குக் கோகிலவாணி இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

விசாரணைக்கு முதல் நாள் காலையில் தேங்காய் நாரும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டை என்றால் அவளுக்குக் கொஞ்சம் பக்தி. மாட்டைக் காக்கிற பொருளாயிற்றே என்று வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம், மஞ்சள், குங்குமம் வைத்து வந்தாள். பூசியது பூசியபடி காய்ந்து அடை மாதிரி ஏறியிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பெயர்ந்து வந்தது. கடைசி அடையும் பெயர்ந்ததும் நார் ஓரிடத்தில் மாட்டி நின்றது.

பட்டையின் மூலை உடைந்திருந்தது.

உடைந்த பட்டை செவலையுடையது. செவலையோ பட்டையும் கழுத்துமாக மன்றத்துக் காப்பகத்தில் நிற்கிறது. அப்படியென்றால் இது மயிலையின் கழுத்துக்கு எப்படி வந்தது?

பட்டிப் பொங்கல் அவள் கண்முன் வந்து நின்றது. வருஷத்துக்கு ஒரு நாள், மாட்டுக்குப் பழைய கயிறெல்லாம் அவிழ்த்துப் புதுக்கயிறு மாற்றுகிற அன்று மட்டும், நாடிப்பட்டையையும் கழற்றிக்கொள்ளலாம் என்று அரசாங்கமே சலுகை கொடுத்திருந்தது. கோகிலவாணிதான் பட்டைகளைப் பூட்டியிருந்த அரசாங்க முத்திரைக் கம்பிகளைக் குறடால் நறுக்கி இரண்டு பட்டையையும் கழற்றினாள். கழுவி, சலங்கைக்குப் பக்கத்தில் வைத்து, கையில் இருந்த சந்தனத்தையெல்லாம் அதன்மேல் அப்பிப் படையல் போட்டாள். தீபம் காட்டி முடித்து மாட்டுக்கு ஒன்றாக எடுத்துக் கட்டினாள். சந்தனத்துக்கு அடியில் பட்டை எண்ணும் தெரியவில்லை, உடைந்த மூலையும் தெரியவில்லை. மறுநாள் முத்திரை வைக்க வந்த அலுவலர் ஊர் முழுக்க ஓடுகிற அவசரத்தில் கம்பியை முறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"ஐயோ சாமி, நான்தானா," என்றாள் வாய்விட்டு.

மயிலையின் நிதானத்தையே படித்த பட்டை துள்ளுகிற செவலையின் கழுத்தில். அது ஓடினாலும் குதித்தாலும், 'இந்த மாட்டுக்கு என்னமோ ஆகிவிட்டது' என்று பட்டை பதறியிருக்கிறது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது கோகிலவாணிக்கு. செவலைக்கு ஒன்றுமில்லை, யாரும் அதைக் கொடுமைப்படுத்தவில்லை. இதைச் சொன்னால் நாளைக்கே மாடு வீட்டுக்கு வந்துவிடும்.

எழுந்தவள் பாதியில் நின்றாள். செவலையின் பட்டை இத்தனை நாளாக மயிலையின் கழுத்தில் இருந்திருக்கிறது. துள்ளலையும் ஓட்டத்தையும் படித்த பட்டை. நிதானமான மாட்டின் மூச்சு இரண்டு பங்கு ஏறினாலும், நாடி படபடத்தாலும், அதற்கு அது சாதாரணமாகத்தான் பட்டிருக்கும். பச்சைதான் எரிந்திருக்கும்.

அவள் மெதுவாகத் திரும்பி மாட்டைப் பார்த்தாள். விளக்கை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. மயிலை முன்னங்கால்களை அகட்டி வைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்கினாற்போல் நின்றது. பால் குறைந்ததும், எழுந்திருக்க முனகியதும், அசை போடாமல் நின்றதும் எல்லாம் அவள் பார்த்தவைதான். ஒவ்வொரு தடவையும் கண் பட்டையின் மேல் போகும், பச்சை எரியும், 'வயசாச்சு, பாவம்' என்று மனம் நகர்ந்துவிடும்.

திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். நோவில்லாத மாடு முதுகை நெளித்துக் கொடுக்கும். மயிலை நெளியவில்லை. விறைத்து நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகியது.

கோகிலவாணி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். யுவராஜ் வந்து என்ன ஏது என்று கேட்டதற்கு, "தும்பை விட்டுட்டு வாலைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கறனுங்க" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

மிதுன் விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டான்.

"டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் கூப்பிடப் போறேன்."

"வேண்டாம்க்கா. கூப்பிட்டா அவங்க சட்டப்படி மன்றத்துக்குத் தெரிவிச்சாகணும். நம்மளோட ஒரே சாட்சி அந்தப் பச்சை விளக்கு. அது போச்சுன்னா கேஸே இல்லை. பட்டையை மாத்திக் கட்டுனதுக்கே தடை போடலாம், தெரியுமா? நாளைக்கு நான் பேசிடறேன். ஜெயிச்சு ரெண்டு மாடும் வீட்டுக்கு வந்ததும் எந்த டாக்டரை வேணும்னாலும் கூப்பிடுங்க."

"நாளைக்கே சொல்லிருவாங்களா?"

மிதுன் தயங்கினான். "தீர்ப்பு எழுதி வர ஒரு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"நல்லாக் கவனிச்சுக்குங்க. பருத்திக்கொட்டை வைங்க," என்றான். சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. கெட்ட பையன் இல்லை. பார்த்துப் பார்த்துக் கட்டின கேஸ், அவ்வளவுதான்.

மறுநாள் மயிலையை வண்டியில் ஏற்ற அரை மணி நேரம் பிடித்தது. பலகையில் கால் வைக்க அது பயந்தது. யுவராஜ் அதட்டவும் இல்லை, தட்டவும் இல்லை. அது தானாக ஏறும்வரை முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

மன்றம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. காப்பகத்தை ஒட்டி ஒரு கொட்டகை, மேசை, மின்விசிறி. நீதிபதி பிரதீபா நரைத்த தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றன. மயிலையைக் கண்டதும் செவலை கட்டை அறுத்துக்கொள்வதுபோல் இழுத்துக் கத்தியது. அதன் கழுத்தில் சிவப்பு ஜிவ்வென்று எரிந்தது.

"பாருங்கம்மா," என்றார் காப்பக மேலாளர். "நாங்க மூணு வேளை தீவனம் வைக்கறோம், பனிச்சாரல் விசிறி போட்டிருக்கோம், வீணை வாசிப்புகூட வெச்சுப் பார்த்தோம். சிவப்பு இறங்கவே மாட்டேங்குது. மனக்காயம் ரொம்ப ஆழம்னு எழுதியிருக்கோம்."

செவலை தீவனத் தொட்டியைக் கொம்பால் முட்டிக் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தது. காயம் பட்ட மனம் இவ்வளவு கொழுப்பாக இருக்குமா என்று யுவராஜ் முணுமுணுத்தார்.

மிதுன் எழுந்தான். ஒரே தொழுவம், ஒரே தீவனம், ஒரே கை என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். நீதிபதி தலையை ஆட்டியபடி, எட்டி மயிலையின் பச்சை விளக்கைப் பார்த்தார். மயிலை முன்னங்காலை அகட்டிக்கொண்டு நின்றது. அதன் தாடைக்கு அடியில் லேசாக நீர் கோத்திருப்பதை வெயிலில் இப்போதுதான் கோகிலவாணி கவனித்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லோணுங்க," என்றாள்.

மிதுன் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

"உங்க வக்கீல் பேசறாரேம்மா," என்றார் நீதிபதி.

"அவரு நல்லாத்தானுங்க பேசறாரு. ஆனா அந்தப் பச்சை பொய்யுங்க. இந்தச் சிவப்பும் பொய்யுங்க. ரெண்டு பட்டையையும் கழட்டி மாத்திக் கட்டச் சொல்லுங்க. உங்களுக்கே தெரியும்."

பொங்கலன்று நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். மேலாளர் வேகமாகத் தன் கைத்திரையில் தேடினார். பட்டை எண்ணுக்கு எதிரே 'பசு, நாட்டு இனம்' என்று மட்டும் இருந்தது. "முன்னாடி நிறம், வயசு எல்லாம் போட்டு வெச்சோம்," என்றார் அசடு வழிய. "பட்டையே எல்லாத்தையும் சொல்லிருமேன்னு எடுத்துட்டாங்க."

பட்டைகள் மாறின. செவலையின் கழுத்தில் விளக்கு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சையானது. அது கயிற்றை இழுத்துக்கொண்டு குதித்தபோதும் பச்சையாகவே இருந்தது. யாரோ சிரித்தார்கள். ஆனால் மயிலையின் கழுத்தில் விளக்கு யோசிக்கவே இல்லை. கட்டி முடித்த கை எடுப்பதற்குள் சிவப்பு எரிந்தது. கொட்டகையில் சிரிப்பு அடங்கிவிட்டது.

நீதிபதி அந்தச் சிவப்பிலிருந்து கண்ணைக் கோகிலவாணியிடம் திருப்பினார்.

"இதைச் சொன்னா இந்த மாட்டையும் நாங்க புடிச்சுக்குவோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. வக்கீல் தம்பி சொல்லிருச்சு. மாடே வளக்கக் கூடாதுன்னுகூடச் சொல்லுவீங்கன்னும் சொல்லிருச்சு."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

கோகிலவாணிக்கு இந்தக் கேள்வி விளங்கவே இல்லை. "அதுக்கு வலிக்குதுங்களே," என்றாள்.

அன்றைக்கு நீதிபதி ஒரு மாதம் எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். செவலையை உடனே வீட்டுக்கு விட வேண்டும். மயிலையைக் காப்பகம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே வைத்தியம் தொடங்க வேண்டும். தடை போடுவதா என்ற இடம் வந்தபோது, எழுந்து வேலியருகே போய், இப்போது செவலையின் கழுத்தில் இருந்த மூலை உடைந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். இடுக்கில் மிச்சமிருந்த மஞ்சள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிட்டதைச் சேதப்படுத்தினதா எழுத எனக்குத் தைரியம் இல்லை," என்றார். "பச்சை எரிஞ்சா சொந்தக்காரர் மேல தப்பில்லைன்னு சட்டமே சொல்லுது. நீங்க போகலாம்."

"சட்டம் சொல்லுமுங்க," என்றாள் கோகிலவாணி.

வெளியே வந்ததும் மிதுன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அக்கா, மயிலையைப் பிடிச்சதுக்கு எதிரா மேல்முறையீடு போடலாம். பச்சை எரிஞ்சிருக்கு, அதனால உங்க மேல தப்பில்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கண்ணை மூடிட்டு ஜெயிச்சுரலாம்."

"ஒண்ணும் வேண்டாந் தம்பி. அது அங்கயே இருக்கட்டும். வைத்தியம் முடியட்டும். நான் தினமும் வந்து பாத்துக்கறேன்."

சொன்னபடி தினமும் போனாள். செவலைக்குத் தீவனம் வைத்துவிட்டு, முதல் பஸ் ஏறி, காப்பகத்து வேலிக்கு வெளியே நின்று மயிலையோடு பேசிவிட்டு வருவாள். இரண்டாம் நாளே மயிலைக்கு வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்த்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னபோது, கோகிலவாணி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயத்தில் ஏறியிருக்கும் என்று சொல்லி, அவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார்.

உள்ளே, மயிலை தீவனத்தோடு விழுங்கியிருந்த ஒரு துண்டுக் கம்பி இருந்தது. கருத்துப்போய், ஒரு முனை ஊசியாக, மறு முனை முறுக்கு மாறாமல் இருந்தது. முறுக்கில் ஈயப் பொட்டு ஒட்டியிருந்தது. பட்டைக்கு வைக்கிற அரசாங்க முத்திரை.

மிதுன் அன்றைக்குக் கூட வந்திருந்தான். அவன் முகம் தீபாவளி மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, இது அவங்க கம்பி. மாட்டைக் காப்பாத்தறேன்னு கட்டுன கம்பிதான் மாட்டைக் குத்தியிருக்கு. இதை வெச்சு அந்த இலாகாவையே கோர்ட்டுக்கு இழுக்கலாம்."

கோகிலவாணி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கலன்று குறடால் நறுக்கியபோது இரண்டு கம்பியும் வைக்கோலில் விழுந்ததும், தீபத்துக்கு நேரமாகிறதென்று அவள் ஓடியதும் ஞாபகத்தில் இருந்தது.

"கட்டுனது அவங்கதான் தம்பி. வெட்டிக் கீழ போட்டது நான். யாரை இழுப்பே?" என்றாள். அப்புறம், "பொழைச்சுக்குச்சு. அது போதும் போ," என்று சிரித்துவிட்டாள். மிதுனும் சிரித்தான். வேறு என்ன செய்வான்?

ஆனி பிறந்ததும் மயிலை வீடு வந்தது. செவலை களத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து அதன் காதை நக்கியது. கூடவே வந்த அலுவலர், பொங்கலுக்கு மறுநாள் முத்திரை வைக்க வந்தவரேதான், இந்தத் தடவை எண்ணைச் சரிபார்த்து, நிறத்தைப் பார்த்து, கோகிலவாணியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுப் பட்டையைக் கட்டினார். கம்பியைக் கோத்து முறுக்கி, ஈயம் வைத்து அமுக்கி, மீந்த நுனியைக் குறடால் நறுக்கினார். நுனி தெறித்து வைக்கோலில் விழுந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சித்த நில்லுங்க," என்றாள் கோகிலவாணி.

மண்டியிட்டு வைக்கோலை விலக்கித் தேடினாள். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. கடைசியில் எள்ளளவே இருந்த அந்த நுனியைக் கண்டெடுத்து, அவர் சட்டைப் பையிலேயே போட்டுப் பையைத் தட்டிவிட்டாள்.

"இதையும் கொண்டுபோயிருங்க."

அவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டில் அவர் நுனியைத் தேடி எடுத்ததாக யுவராஜ் பிற்பாடு வந்து சொன்னார்.

பட்டை உயிர் பெற்று, மயிலையின் கழுத்தில் விளக்கு எரிந்தது. என்ன நிறம் என்று யுவராஜ் எட்டிப் பார்த்தார். கோகிலவாணி பார்க்கவில்லை. திமிலுக்குப் பின்னால் இரண்டு கையையும் வைத்துத் தோலைப் பிடித்து அழுத்தினாள்.

மயிலை முதுகை நன்றாக நெளித்துக் கொடுத்தது.